8 அங்குல டாப்சோனியனில் சந்திரயான்-3 இறங்கிய பகுதியைப் படமெடுக்க: எந்த நாள், எந்த செட்டிங்?

#1 தேனி வானம்

வணக்கம். கருவி விவரம்: 203 மி.மீ. டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் ஆடித் தொலைநோக்கி, சுருக்கமாக டாப்), குவியத்தூரம் 1200 மி.மீ., மோட்டார் கிடையாது. ஐஎம்எக்ஸ்462 சென்சார் உள்ள கலர் கேமரா, 2 மடங்கு பார்லோ (பிம்பத்தைப் பெரிதாக்கும் லென்ஸ்), யூஎஸ்பி 3 லேப்டாப்.

2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் லேண்டர் இறங்கிய சிவசக்தி இடம் 69.37° தெற்கு, 32.32° கிழக்கில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பள்ளங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிற மாதிரி ஒரு படம் வேண்டும். இப்போது எடுப்பது 15 மில்லிசெகண்ட், 1500 ஃப்ரேம், அதில் 50% ஸ்டாக், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. பக்கத்துப் பெரிய பள்ளமான மான்சினஸ் வெறும் கீற்றாக வருகிறது, அதற்குத் தெற்கே எல்லாம் குழைந்துவிடுகிறது.

3 மடங்கு பார்லோ வாங்கினால் சரியாகுமா? 685 ஃபில்டர் (685 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை மட்டும் விடுவது) உதவுமா? பௌர்ணமியில் எடுத்தால் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்குமே, அது நல்லதா?

#2 கால்நிலா

பார்லோவை அப்புறம் பார்க்கலாம். முதலில் நாள் பாருங்கள். இந்த இடத்துக்கு நாள்தான் பாதி வேலை.

சிவசக்தி இடம் நிலா வட்டின் நடுவிலிருந்து சுமார் 73 டிகிரி தள்ளி இருக்கிறது. அவ்வளவு ஓரத்தில் எந்தப் பள்ளமும் சப்பிப்போய்த்தான் தெரியும். எவ்வளவு சப்பும் என்பது லைப்ரேஷனைப் பொறுத்தது, அதாவது நிலா நம் பக்கம் லேசாகத் தலையாட்டுவதை. லைப்ரேஷன் சுழியாக இருக்கும் நாளில் 100 கி.மீ. பள்ளம், விளிம்பை நோக்கிய திசையில் 30 கி.மீ. போலத் தெரியும். தென்பக்கம் நம்மை நோக்கி 6.5 டிகிரி சாய்ந்திருக்கும் நாளில் அதே பள்ளம் 40 கி.மீ. போல விரியும். வடபக்கம் அதே அளவு சாய்ந்தால் வெறும் 19. கருவியையும் வானத்தையும் மாற்றாமல், தேதியை மட்டும் மாற்றி இரண்டு மடங்கு விவரம் வாங்கலாம். எந்த பார்லோவும் இதைத் தராது.

விர்ச்சுவல் மூன் அட்லஸ் மென்பொருளில் தேதியைப் போட்டால் லைப்ரேஷன் அட்சரேகை வரும். அது மைனஸில் இருந்தால் தென்பக்கம் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். மைனஸ் 5-க்குக் கீழே இருக்கும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிறை. அந்தத் தீர்க்கரேகையில் சூரியன் உதிப்பது அமாவாசைக்குப் பின் ஏறக்குறைய 5-ஆம் நாள். வீட்டுக் காலண்டரில் திதி பார்த்தாலே போதும், ஏனென்றால் ஒரு திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 12 டிகிரி கோணம், நமக்கு வேண்டிய கணக்கும் அதுவேதான். வளர்பிறை சப்தமியின் நடுவில் அங்கே சூரிய உயரம் சுமார் 7 டிகிரி, அஷ்டமியின் நடுவில் சுமார் 11. இந்த இரண்டு மாலைகளும் மிகச் சரி. சஷ்டியில் பள்ளங்களுக்குள் இருட்டு அதிகம். விளிம்புகள் மட்டும் பளிச்சென்று நிற்கும்.

பௌர்ணமி வேண்டாம். 69 டிகிரி தெற்கில் சூரியன் நண்பகலிலும் 22 டிகிரிக்கு மேல் ஏறாது, ஆகவே அங்கே எப்போதும் நீண்ட நிழல் உண்டு. ஆனால் பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால் நிழல் முழுக்க மேடுகளுக்குப் பின்னால் விழுந்து மறைந்துவிடும். வெளிச்சம் இருக்கும், நிலவடிவம் இருக்காது.

#3 எஃப்6 டாப்

கால்நிலா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: வானில் உயரம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வளர்பிறை சப்தமி, அஷ்டமி நிலா வான நடுக்கோட்டுக்கு வடக்கே வெகு தூரம் போய்விடும். தமிழ்நாட்டின் 8 முதல் 13.5 டிகிரி அட்சரேகையில் அது தலைக்கு மேல், கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். செப்டம்பரில் அதே பிறை தெற்கே இறங்கிவிடும். சென்னையில் உச்சத்திலேயே 50 டிகிரி சுற்றித்தான்.

2026, 2027 ஆண்டுகளில் இன்னொரு அனுகூலமும் சேர்கிறது. நிலாப் பாதையின் கணு (அது சூரியப் பாதையை வெட்டும் புள்ளி) இப்போது இருக்கும் நிலையில், அந்தப் பிப்ரவரி–ஏப்ரல் பிறைகள் சூரியப் பாதைக்கு வடக்கே 3 முதல் 5 டிகிரி வரை விலகி இருக்கும். நிலா வடக்கே விலகி நின்றால் நாம் அதைச் சற்றுக் கீழிருந்து பார்க்கிறோம், தென்பக்கம் நன்றாகத் தெரியும். உயரமும் லைப்ரேஷனும் ஒரே மாலையில் கூடி வருகிறது. இதை விடாதீர்கள்.

தேய்பிறையிலும் இதே வாய்ப்பு உண்டு: திருதியை, சதுர்த்தி, மாலை நிழல் எதிர்ப்பக்கம் விழும் நேரம். ஆனால் லைப்ரேஷன் பொருந்துவது அக்டோபர் வாக்கில். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், நம்பி இருக்க முடியாது.

#4 பிக்சல் கணக்கு

3 மடங்கு பார்லோ வேண்டாம். காரணம் கணக்கில் இருக்கிறது.

உங்கள் சென்சாரின் பிக்சல் 2.9 மைக்ரான். 2 மடங்கு பார்லோவில் குவியத்தூரம் 2400 மி.மீ., எஃப்/11.8. ஒரு பிக்சலுக்கு 0.25 ஆர்க்செகண்ட், நிலாவில் ஏறத்தாழ 0.46 கி.மீ. 203 மி.மீ. ஆடியின் பிரிதிறன் எல்லை 0.57 ஆர்க்செகண்ட், அதாவது 1 கி.மீ.யை ஒட்டி. எல்லைக்கு இரண்டு பிக்சலுக்கு மேலேயே கிடைத்துவிட்டது. எஃப் எண், பிக்சல் மைக்ரானைப் போல் 4 மடங்கு என்பது நல்ல இடம்; 5 மடங்கு வரை போகலாம். 3 மடங்கு பார்லோவில் 6 மடங்கு ஆகிவிடும். படம் பெரிதாகும், விவரம் கூடாது. ஒளி 2.25 மடங்கு குறையும், அதை ஈடுகட்ட எக்ஸ்போஷர் நீளும்.

பழுது அந்த எக்ஸ்போஷரில்தான். மோட்டார் இல்லாத டாப்பில் நிலா விநாடிக்குச் சுமார் 14 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 15 மில்லிசெகண்டில் 0.21 ஆர்க்செகண்ட், கிட்டத்தட்ட ஒரு முழுப் பிக்சல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இழுபடுகிறது. அதோடு காற்றின் அலைச்சலும் அந்த 15 மில்லிசெகண்டுக்குள் கலந்து பதிகிறது. 5 மில்லிசெகண்டுக்கு இறக்குங்கள், கெயினை (சென்சாரின் மின்பெருக்கத்தை) ஏற்றுங்கள். ஒரு ஃப்ரேம் மணல் மணலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், நூறு ஃப்ரேம் அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். இழுபட்ட ஃப்ரேமை எத்தனை அடுக்கினாலும் கூர்மை திரும்பாது.

ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) 65–70%-க்குள் இருக்கட்டும். தென்பகுதி மேட்டுநிலம் வெளுப்பாக இருப்பதால் சில பள்ள விளிம்புகள் சட்டென்று வெந்து, விவரமில்லாத வெறும் வெள்ளையாகிவிடும். அந்த விளிம்பை வைத்து அளவெடுங்கள், பக்கத்து இருட்டை வைத்து அல்ல.

#5 தேனி வானம்

நன்றி. டாப்பில் கையால் தள்ளிக்கொண்டே வீடியோ எடுத்தால் நடுக்கம் வருகிறது. தள்ளாமல் விட்டால் அரை நிமிடத்தில் ஓடிவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

#6 எஃப்6 டாப்

தள்ளிக்கொண்டே எடுக்கக் கூடாது. ஓட விட்டு எடுக்க வேண்டும்.

5.6 மி.மீ. அகலச் சென்சார் 2400 மி.மீ.யில் 8 ஆர்க்நிமிடம் காட்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிலா ஓட 34 விநாடி. முதலில் ஒரு சின்னப் பள்ளத்தைத் திரையின் அடிக்கோட்டில் வையுங்கள். அது கோட்டை விட்டு ஏறாமல் இறங்காமல் ஓடும்வரை கேமராவைப் பார்லோவுக்குள் திருப்புங்கள். சென்சாரின் நீளப் பக்கம் இப்போது கிழக்கு–மேற்கில் இருக்கிறது. திருப்பிய இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டாம்.

பிறகு மான்சினஸைத் திரையில் அது நுழையும் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கையை எடுங்கள். 3 விநாடி, அதிர்வு அடங்கட்டும். பள்ளம் நடுப்பகுதிக்கு வரும்போது 10 விநாடி பதிவு. நிறுத்தி, திரும்பத் தள்ளி, மறுபடியும். 34 விநாடியும் ஒரே கோப்பாக எடுத்தால் முதல் ஃப்ரேமுக்கும் கடைசி ஃப்ரேமுக்கும் பொதுவான நிலப்பரப்பே இருக்காது, மென்பொருள் குழம்பும். பத்து விநாடித் துண்டு எட்டு எடுங்கள். அதில் இரண்டு நன்றாக இருந்தாலே அந்த மாலை பலித்தது.

நிலா உச்சிக்கு வெகு அருகில் இருக்கும்போது டாப்பைக் கிடைமட்டத்தில் திருப்புவது சிரமம். குழாய் கிட்டத்தட்ட நேராக நிற்கும், தள்ள நெம்பு கிடைக்காது. உயரம் 65 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுங்கள். மார்ச் மாதத்தில் அது 7.30 – 8 மணி வாக்கில் வரும்.

ஃபோகசர் குமிழில் துணி கிளிப் ஒன்றை மாட்டி, அதன் நுனியை ஒரு விரலால் நகர்த்துங்கள். குமிழைப் பிடித்துத் திருகினால் குழாயே ஆடும். கிளிப் நுனியில் அரை சென்டிமீட்டர் அசைவு குமிழில் மயிரிழைதான்.

#7 புதுநிலா

அண்ணா, குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். 130 மி.மீ. நியூட்டோனியன், 650 மி.மீ., கையில் ஃபோன் மட்டும். இதில் இந்தப் பகுதி கிடைக்குமா? இன்னொன்று, நண்பரின் டிஎஸ்எல்ஆரை டி-ரிங் (கேமராவைத் தொலைநோக்கியில் பொருத்தும் வளையம்) போட்டு மாட்டினால் ஃபோகஸே வரவில்லை. பழுதா?

#8 கால்நிலா

பழுது இல்லை தம்பி. டி-ரிங்கின் முகத்திலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. ஆழம். கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த 130/650 குழாய்களில் ஃபோகசரை முழுக்க உள்ளே இறக்கினாலும் குவியப் புள்ளி அவ்வளவு வெளியே வராது. பார்லோவை நடுவில் போட்டால் குவியப் புள்ளி வெளியே தள்ளப்படும், ஃபோகஸ் வந்துவிடும். நிலாவுக்கு அதுதான் எளிய வழி. டி-ரிங் மரை எம்42×0.75, பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் பழைய லென்ஸ் அடாப்டர் எம்42×1. மாறி வாங்கினால் ஒரு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும், முறுக்கினால் மரை போய்விடும்.

ஃபோனில் மான்சினஸ், மூட்டஸ் பள்ளங்கள் இரண்டும் கிடைக்கும். 10 மி.மீ. ஐபீஸ் (65 மடங்கு), அதன் மேல் இறுக்கமான கிளாம்ப். ஐபீஸிலிருந்து வரும் வெளிச்ச வட்டத்தின் நடுவில் ஃபோன் லென்ஸ் சரியாக உட்கார வேண்டும், அரை மி.மீ. விலகினாலும் ஒரு பக்கம் பிறைபோலக் கறுப்பு கவ்வும். இரண்டு மூன்று கேமரா உள்ள ஃபோன் என்றால் முதன்மைக் கேமராவை மட்டும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவாக மாறிக்கொள்ளும். ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ 100, 1/250 விநாடியில் தொடங்குங்கள். தானாகக் கூர்மையாக்குவது, நிலா மோடு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பள்ளத்தை நீங்கள் பதிவு செய்ததா ஃபோன் வரைந்ததா என்று பிறகு சொல்ல முடியாமல் போகும்.

#9 வெள்ளிமலை

685 ஃபில்டர் பற்றி யாரும் சொல்லவில்லை. நீண்ட அலைநீளம் காற்றின் அலைச்சலைக் குறைவாக உணரும், அது உண்மை. ஆனால் விலை உண்டு. 550 நானோமீட்டரில் 203 மி.மீ. ஆடியின் ஒளிவட்டு (ஒரு புள்ளி பரவித் தெரியும் வட்டம்) ஆரம் 0.68 ஆர்க்செகண்ட், 685-இல் 0.85. கலர் கேமராவில் சிவப்புப் பிக்சல்களே அதிகம் வேலை செய்யும், அவை நான்கில் ஒன்றுதான். ஆகவே காற்று மோசமான மாலைக்கு ஃபில்டர், அமைதியான மாலைக்கு வேண்டாம். அந்தி மறையாத நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தால் மட்டும் அது இன்னொரு நன்மை செய்யும்: நீல வானத்தைக் கறுப்பாக்கிவிடும்.

இதைவிடப் பெரிய கேடு மொட்டை மாடி. பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் இரவு 9 மணி வரை சூட்டைக் கக்கும். நம் நிலா உச்சியில் இருக்கும் நேரமும் அதேதான். முடிந்தால் மண் தரை, புல்தரை, தென்னந்தோப்பின் வெட்டவெளி ஓரம். மாடிதான் கதி என்றால் நிலா இருக்கும் திசையில் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையும் ஏசியின் வெளிப்பெட்டியும் இல்லாத மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

குழாயையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். மேல்மாடி அறையில் வைத்த ஆடி மாலையில் 35 டிகிரிக்கு மேல் இருக்கும். வெளிக்காற்றோடு சமமாகும்வரை ஆடியின் முகத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஆவி நெளிவதுபோல் காற்று நெளியும். ஒரு நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து விலக்கிப் பாருங்கள். வட்டத்துக்குள் புகைபோல ஒரு பக்கமாக எழும்பினால் அது குழாய்ச் சூடு. முழு வட்டமும் ஓடை நீர்போல ஒரே திசையில் ஓடினால் அது மேல்வானக் காற்று. முன்னதை 80 மி.மீ. கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை ஆடிக்குப் பின்னால் 12 வோல்டில் ஓட்டித் தீர்க்கலாம். பின்னதற்கு மருந்து இல்லை, அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

அதே விலக்கிய நட்சத்திரத்தில் கொலிமேஷனும் (ஆடிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பது) பார்த்துவிடுங்கள். நடுக் கறுப்பு வட்டம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மேற்கொண்டு எதுவும் எடுக்காதீர்கள். கொலிமேஷன் பார்க்கும் லேசரே கோணலாக இருந்தால் அது காட்டுவதும் கோணல்தான், கடைசிச் சோதனை எப்போதும் நட்சத்திரத்தில்.

#10 தேனி வானம்

எடுத்த பிறகு? ஃப்ரேம்களை அடுக்கும் மென்பொருளான ஆட்டோஸ்டாக்கர்ட்டில் படம் முழுக்கப் புழு நெளிந்த மாதிரி வருகிறது. லேப்டாப்பில் ஃப்ரேம் விட்டுப்போவதும் இருக்கிறது.

#11 பிக்சல் கணக்கு

ஃப்ரேம் விட்டுப்போவது டிஸ்க்கால். 1936×1096, 8 பிட் என்றால் ஒரு ஃப்ரேம் 2.1 மெகாபைட். விநாடிக்கு 100 ஃப்ரேம் என்றால் 210 மெகாபைட். சுழலும் ஹார்ட் டிஸ்க் அதைத் தாங்காது. எஸ்எஸ்டியில் நேரடியாக எழுதுங்கள். இல்லையென்றால் பதிவு மென்பொருளான ஷார்ப்கேப்பில் உயரத்தைப் பாதியாகக் குறையுங்கள், அகலத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டத்துக்கு அது வேண்டும். வீடியோ கோப்பு எஸ்இஆர் வடிவம், ரா8 (8 பிட் மூலத் தரவு). நிலாவுக்கு 8 பிட் போதும், அடுக்கும்போது இடைத்தரங்கள் தானாக வந்துவிடும்.

ஆட்டோஸ்டாக்கர்ட்டில் சர்ஃபேஸ் மோடு. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு நங்கூரத்தை மான்சினஸின் நிழல் விளிம்பில் வையுங்கள். நல்ல கறுப்பு வெளுப்பு உள்ள இடம்தான் நங்கூரத்துக்குப் பிடிமானம். வெறும் வெளுப்பு மேட்டில் வைத்தால் வழுக்கும். தர வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: 50% அடுக்குவது மிக அதிகம். 1000 ஃப்ரேம் துண்டில் 10%, காற்று மோசமென்றால் 5%. நீங்கள் 50% போட்டதில் நல்ல நூறை மோசமான அறுநூற்றைம்பது மூழ்கடித்துவிட்டது.

புழு வருவது சீரமைப்புப் புள்ளிகள் மிகச் சிறியதாக இருப்பதால். 24 அளவில் நிழலுக்குள் விழுந்த புள்ளி, நிலத்தைப் பார்க்காமல் இரைச்சலைப் பார்த்து அங்குமிங்கும் இழுக்கும். 64-இல் தொடங்குங்கள், மினிமம் பிரைட்டை உயர்த்தி நிழல் பகுதியில் புள்ளியே விழாமல் செய்யுங்கள். ட்ரிஸில் (படத்தைப் பெரிதாக்கி அடுக்கும் வசதி) தேவையில்லை.

கூர்மையாக்கும் மென்பொருளான ரெஜிஸ்டாக்ஸில் முதல் இரண்டு மூன்று வேவ்லெட் அடுக்குக்கு மேல் போக வேண்டாம். இந்தப் பகுதி விளிம்புக்குப் பக்கம் என்பதால் கூர்மையாக்கம் மீறினால் நிலா ஓரத்துக்கு உள்ளே இணையாக ஒரு கறுப்புக் கோடு ஓடும். அதைப் பள்ளத்தாக்கு என்று நினைத்துவிடுவார்கள். பள்ள விளிம்பு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தாலும் பின்வாங்குங்கள்.

#12 புதுநிலா

விக்ரம் எந்தக் கருவியிலாவது புள்ளியாகவாவது தெரியுமா அண்ணா?

#13 பிக்சல் கணக்கு

தெரியாது. லேண்டர் சுமார் 2 மீட்டர். 3,84,400 கி.மீ. தூரத்தில் அது 0.001 ஆர்க்செகண்ட். 8 அங்குலத்தின் எல்லையைவிட ஐந்நூறு மடங்குக்கு மேல் சிறியது. நாசாவின் எல்ஆர்ஓ சுற்றுக்கலம் 2023 ஆகஸ்ட் 27 அன்று அதைப் படம் எடுத்தது நிலாவையே சுற்றிக்கொண்டிருந்ததால். தரையிலிருந்து நாம் எடுக்கக்கூடியது அது நிற்கும் ஊரின் படம், வீட்டின் படம் அல்ல.

#14 கால்நிலா

அந்த ஊருக்கு வழி சொல்லிவிடுகிறேன், பலரும் மான்சினஸையே தவறாகக் குறிக்கிறார்கள்.

சப்தமி நிலாவில் தியோஃபிலஸ், சிரிலஸ், கேத்தரினா மூன்றும் சங்கிலிபோல நிற்கும். அங்கிருந்து தெற்கே இறங்கினால் கிழக்குப் பக்கம் ஜான்சென், சுமார் 200 கி.மீ., சிதைந்த பெரிய வட்டம். மேற்கே மௌரோலிகஸ். இரண்டுக்கும் நடுவே இன்னும் தெற்கே போனால் மூட்டஸ் (78 கி.மீ., 63.6° தெற்கு). அதற்கு அடுத்து தென்மேற்கில் மான்சினஸ், 98 கி.மீ., மட்டமான தரை. அதையும் தாண்டி விளிம்புப் பக்கம் தென்கிழக்கில் போகுஸ்லாவ்ஸ்கி, 97 கி.மீ., 72.9° தெற்கு. லைப்ரேஷன் நல்ல நாளில் இதன் தரை தெரியும். கெட்ட நாளில் இரண்டு விளிம்புகளும் ஒட்டி ஒரே கோடாகிவிடும். இந்தப் பள்ளத்தின் தரை தெரிகிறதா என்று லைவ் திரையில் பாருங்கள், அன்றைய நாள் தகுதியா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

மான்சினஸ் நடுவிலிருந்து போகுஸ்லாவ்ஸ்கி நடுவுக்கு ஒரு கோடு போடுங்கள். மான்சினஸிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், கோட்டை விட்டுச் சற்று வடகிழக்கே ஒதுங்கி இருக்கிறது சிவசக்தி இடம். மான்சினஸின் விளிம்புக்கு வெளியே சுமார் 30 கி.மீ.

ஒரு சொல் பற்றியும்: தலைப்பில் தென்துருவம் என்று எழுதாதீர்கள். துருவத்திலிருந்து அந்த இடம் 620 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. தென்துருவப் பகுதிக்கு அருகே என்றால் சரி.

#15 தேனி வானம்

கடைசியாக ஒன்று. படத்தில் தெற்கு மேலே வருகிறது. திருப்பிப் போடுவதா, அப்படியே விடுவதா?

#16 வெள்ளிமலை

நியூட்டோனியன் 180 டிகிரி சுழற்றித் தருகிறது, இடவலம் மாற்றுவதில்லை. ஆகவே சுழற்றினால் போதும், கண்ணாடி பிம்பம் போலப் புரட்டக் கூடாது. புரட்டினால் மான்சினஸுக்குக் கிழக்கே இருக்கும் எல்லாம் மேற்கே போய், குறி தவறான இடத்தில் விழும். வடக்கு மேலே வைத்து, குறியை ஒற்றைப் புள்ளியாக வைக்காமல் ஒரு சிறு வட்டமாகப் போடுங்கள். உங்கள் ஒரு பிக்சலே அரை கிலோமீட்டர். கீழே தேதி, நேரம், லைப்ரேஷன் அட்சரேகை, எக்ஸ்போஷர், எத்தனை ஃப்ரேமில் எத்தனை அடுக்கியது என்று எழுதி இங்கேயே போடுங்கள். அடுத்த மாத சப்தமியில் எடுப்பவருக்கு அது ஒப்பிட உதவும்.